ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

(ஊரவை பற்றிய கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது தமிழ்ப் பழமொழி. அம்பலம் என்பது ஊர் கூடும் வெளியிடம். மன்று, மன்றம், பொதியில், அம்பலம் என்று ஒரு பொருளுக்கு இத்தனைச் சொற்களை வைத்திருந்த இனம் கூடிப் பேசும் பழக்கம் இல்லாத இனமாய் இருந்திருக்க முடியாது. மறைவாய் இருந்த ஒன்று எல்லார்க்கும் தெரிந்துவிட்டால் 'அம்பலமாகி விட்டது' என்று இன்றும் சொல்கின்றனர். ஊர் கூடும் இடத்தில் எதையும் ஒளிக்க இயலாது என்பதே அவ்வழக்கின் அடிப்படை. ஆனால் அதே மொழியில்தான் அந்தப் பழமொழியும் பிறந்தது. அம்பலம் இருந்தது, ஏழையின் சொல் அதில் ஏறவில்லை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பது தமிழ்ப்பற்று ஆகாது.

உள்ளாட்சி என்றதும் மேடைதோறும் உத்தரமேரூரை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற அக் கல்வெட்டுகள் பெருமைக்குரியனவே. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. தகுதியுடையார் பெயர்களைக் குடும்புதோறும் ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இட்டனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். அதனை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதன்றோ! ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என்று அமர்த்தினர். எல்லாவற்றினும் மேலாக ஒரு விதி வைத்தனர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாது போனவன் பெயரும், அவன் நெருங்கிய உறவினர் பெயரும் மீண்டும் குடத்தில் இடப்பெறா. இந்த ஒரு விதி இன்று நடைமுறைக்கு வந்தால் எத்தனை ஊர்களில் வேட்பாளரே கிடைக்காமற் போவர் என்பதைக் கேட்போர் தாமே எண்ணிக் கொள்ளலாம்.

ஆயினும் மேடையில் முழங்குவோர் அக்கல்வெட்டைப் பாதியளவில் நிறுத்திவிடுகின்றனர். குடத்தில் பெயரிடப்பெறுதற்கு வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குள் இருத்தல் வேண்டும். வேத மந்திரம் கற்றிருத்தல் வேண்டும். அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பெற்ற ஊரின் அவை. அந்நிலத்தில் ஏர் பிடித்தவன் பெயர் குடத்தில் இல்லை; பறை அறைந்தவன் பெயர் இல்லை; பெண்கள் பெயர் இல்லவே இல்லை. வேளாண் மக்கள் கூடிய 'ஊர்' என்னும் அவையும், வணிகர் கூடிய 'நகரம்' என்னும் அவையும் சோழநாட்டில் இருந்தன. அவையும் நிலமும் பொருளும் உடையார்க்கே உரியவாய் இருந்தன. உத்தரமேரூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கு விதியும் விரித்த உள்ளங்கையும். எஞ்சியதைக் கல்லிலேயே விட்டுவிடலாம்.

இன்றைய சட்டம் அக்குடத்தை உடைத்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. 1992 இல் நிறைவேறி 1993 ஏப்பிரல் 24 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசமைப்புத் திருத்தமும், அதன்வழி வந்த 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் ஊரவையின் உறுப்பினர் ஆக்கின. நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ஊராட்சியின் திட்டமும், வரவு செலவுத் திட்டமும், தணிக்கை அறிக்கையும் ஊரவையின் முன் வைத்து ஒப்புதல் பெறப்பட வேண்டும். அரசு இவ்வவையைக் 'கிராம சபை' என்று எழுதுகிறது. இரண்டும் வடசொற்கள். 'ஊராட்சி மன்றம்' என்று நல்ல தமிழில் எழுதத் தெரிந்த அரசுக்கு 'ஊரவை' என்று எழுத வராமற் போனது வியப்பே.

சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 என்று ஆண்டிற்கு நான்கு நாள்களில் ஊரவை கூடி வந்தது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்ந்து ஆறு நாள்களாயின. எத்தனைப் பேர் வந்தால் அவை நிறைந்தது என்பதற்கும் 2006 ஆம் ஆண்டு அரசாணை ஒன்று உண்டு. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கும் மேல் 300 பேர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் இத்தகைய அவை நெடுங்காலம் இல்லாதிருந்து, 2022 இல்தான் பகுதி அவைகளுக்கு விதிகள் வந்தன.

தாளில் எல்லாம் சரி. நடப்பு எவ்வாறு? பல ஊர்களில் தீர்மானப் புத்தகம் முன்னிரவிலேயே நிரம்பிவிடுகிறது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார வைக்கப்படுகின்றனர். வருகை ஏட்டில் கையெழுத்தும் கைந்நாட்டும் வாங்கப்படுகின்றன. எழுத்தர் விரைந்து படிக்கிறார். எவரும் எழுந்து கேட்குமுன் 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று முடிகிறது. நிறைவெண்ணுக்குத் தலைகள் கிடைத்துவிட்டன. அத்தலைகளுக்குள் இருக்கும் கருத்து எவர்க்கும் வேண்டியதில்லை. அதையும் மீறி ஒருத்தி எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டுவிட்டால், 'அது அடுத்த கூட்டத்தில்' என்பது விடை.

கேட்டல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று வினவுதல், மற்றொன்று செவிமடுத்தல். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிய முன்னோர், வினவியவன் செவிமடுக்கவும் கடமைப்பட்டவன் என்று கருதினர் போலும்! 'மக்கள் கருத்துக் கேட்பு' என்று அரசு எழுதும்போது முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. வினவுகிறது, செவிமடுப்பதில்லை. 2016 அக்தோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பின்னர் மூன்றாண்டுகளுக்கு மேலாக ஊரகத் தேர்தலே நடத்தப்பெறாமல் தனி அலுவலர்களைக் கொண்டு ஊர்கள் ஆளப்பட்டன. 2020 அக்தோபர் 2 இல் கூட வேண்டிய ஊரவை, நோய்த்தொற்றைக் காட்டிக் கடைசி நேரத்தில் நிறுத்தப்பெற்றது. வினவுதற்கும் மனமில்லாத நாள்கள் அவை.

அம்பலம் யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்தைப்போல் விடை சொல்லும் இடம் வேறில்லை. அப்பக்கத்தில் 'அம்பலம்' என்பது ஊர்த்தலைமைக் குடியினரின் பட்டப்பெயராகவும் வழங்குகிறது. ஊர் கூடும் இடத்தின் பெயர் ஒரு குடியின் பெயராக மாறியதில் ஒரு நெடுங்கதை அடங்கியுள்ளது. அவ்வட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைமை 1996 இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பெற்றது. தேர்தல் நடக்க விடாமல் தடுத்தனர், வாக்குப்பெட்டியைத் தூக்கினர். அவற்றையெல்லாம் கடந்து முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30 ஆம் நாள் மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்பிய அவரையும், உடன்வந்த துணைத்தலைவர் உள்ளிட்டோரையும் வழியில் வெட்டிக் கொன்றனர். 2001 இல் பதினெழுவர்க்கு வாழ்நாள் தண்டனை விதிக்கப்பெற்றது. அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலிலும் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுத் தலைவர் எவரும் நிலைத்து அமர விடப்பெறவில்லை.

இங்கே தடுத்தவன் வடவனும் அல்லன், வெள்ளையனும் அல்லன், தமிழன். வெட்டுண்டவனும் தமிழன். தமிழர்க்கு ஆளும் உரிமை வேண்டும் என்று பேசும் எந்த மேடைக்கும் மேலவளவைத் தாண்டிப் போகும் வழி இல்லை. ஊராட்சித் தலைவரின் நாற்காலியையே பொறுக்காத ஊரில், அவர் கூட்டும் ஊரவையில் சேரிப்பெண் எழுந்து நின்று கணக்குக் கேட்பாள் என்று எதிர்பார்க்க முடியுமா? 2021 அக்தோபர் 2 இல் தமிழ்நாட்டு முதல்வர் பாப்பாபட்டி ஊரவையில் சென்று அமர்ந்தார். அது நல்ல செயல். ஆனால் முதல்வர் வராத நாளில் யார் எங்கே உட்கார்கிறார் என்பதுதான் அவ்வூரவையின் உண்மை அளவு.

இக்குறையோடும் ஊரவைக்கு ஒரு வலிமை உண்டு என்பதைக் காட்டியதும் அதே மேலூர் வட்டம்தான். அதைச் சொல்லுமுன் ஒடிசாவிற்குச் சென்று வருதல் வேண்டும். ஏனெனில் ஊரவையின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது அங்கேதான் முதலில் நிறுத்துப் பார்க்கப்பெற்றது.

நியம்கிரி என்பது ஒடிசாவின் இராயகடா, கலாகண்டி மாவட்டங்களில் பரவிய மலை. அதில் வாழும் தொங்கரியா கோந்தர் பேசுவது குவி மொழி. தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மலையின் உச்சியில் உள்ள பாக்சைட்டு மண்ணை வெட்டி வேதாந்தா குழுமத்தின் ஆலைக்குக் கொடுக்க அரசு முனைந்தது. அம்மக்களோ மலையை நியமராசா என்று வணங்குபவர். வழக்கு உச்சநயன்மன்றம் சென்றது. 2013 ஏப்பிரல் 18 இல் வந்த தீர்ப்பு, 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் வழியே ஊரவைகளே இதனை ஆய்ந்து சொல்லட்டும் என்றது. மாவட்ட நடுவர் நிலையிலுள்ள ஒருவர் கூட்டங்களில் உடனிருந்து பார்க்க வேண்டும் என்றும் பணித்தது.

மலையைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. மாநில அரசு பொறுக்கி எடுத்தவை பன்னிரண்டு மட்டுமே. சிற்றூர்களைப் பொறுக்கினால் சில ஊர்களாவது பணிந்துவிடும் என்று எண்ணினார்களோ என்னவோ! 2013 சூலையிலும் ஆகத்திலும் அப்பன்னிரண்டு ஊரவைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடின. எழுதப் படிக்க அறியாத கிழவரும் கிழவியரும் எழுந்து நின்று தம் மொழியிலேயே பேசினர். பன்னிரண்டும் மறுத்தன. ஒன்றுகூடப் பிறழவில்லை. 2014 சனவரியில் நடுவண் அமைச்சகம் அத்திட்டத்திற்கு இசைவு மறுத்தது. அதன்பின் நடந்ததுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. 2016 இல் ஒடிசாவின் அரசுச் சுரங்கக் கழகம் ஊரவைகளை மீண்டும் கூட்டிக் கேட்க வேண்டும் என்று உச்சநயன்மன்றத்தை அணுகியது; மன்றம் ஏற்கவில்லை. ஆம் என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது ஒருவகைக் 'கருத்துக் கேட்பு' போலும்.

இனி மேலூருக்குத் திரும்பலாம். அரிட்டாபட்டி மேலவளவிற்கு நெடுந்தொலைவில் இல்லை. அதன் மலையில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியர் குடைந்த கோயில் உள்ளது. சுனைகளும் ஏரிகளும் உள்ளன. 2022 நவம்பரில் அங்கும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலும் 193 எக்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைத் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தளமாக அரசு அறிவித்தது. ஈராண்டு கழியவில்லை. 2024 நவம்பர் 7 இல் அப்பகுதியில் 2,015 எக்டர் அளவுள்ள நிலத்தில் தங்குதன் என்னும் கனிமம் எடுக்கும் ஏலத்தில் இந்துசுதான் சிங்கு நிறுவனம் தேர்வு பெற்றதாக நடுவண் அரசு வெளியிட்டது. அந்நிறுவனமும் நியம்கிரியில் மோதிய அதே வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்ததே. 2023 இல் திருத்தப்பெற்ற கனிமச் சட்டம், முதன்மையானவை எனப் பட்டியலிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் உரிமையை மாநிலத்திடமிருந்து எடுத்து நடுவண் அரசிடம் கொடுத்திருந்தது. தங்குதனும் அப்பட்டியலில் உண்டு. நிலம் தமிழனது; ஏரி தமிழனது; ஏலக்கோல் தில்லியில்! ஏலம் விடுமுன் அரிட்டாபட்டி மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

கேளாதவர்க்கும் அவர்கள் விடை சொன்னார்கள். அவ்வாண்டு நவம்பர் 1 ஆம் நாளுக்குரிய ஊரவை விழாவிடுமுறையால் தள்ளிப் போய் நவம்பர் 23 இல் கூடியது. அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் சுரங்கம் வேண்டா என்று தீர்மானம் எழுதப்பெற்றது. முன்னிரவில் எழுதி வைத்த தீர்மானம் அன்று அது. ஊரார் சொல்லச் சொல்ல எழுதிய தீர்மானம். திசம்பர் 9 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஏலம் பற்றிய செய்தி அறிந்தபோதே மாநில அரசு உரத்துத் தடுத்திருக்கலாமே என்னும் வினா அப்போதும் எழுந்தது, இன்றும் அழியவில்லை. 2025 சனவரி 7 இல் மேலூர்ப் பகுதி உழவரும் பெண்களும் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கித் திரண்டு நடந்தனர். சனவரி 23 இல் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது.

கனிமத்தைத் தடுக்கும் அதிகாரம் ஊரவைத் தீர்மானத்திற்குச் சட்டத்தில் நேரே இல்லை என்று சட்டம் அறிந்தார் சொல்வர். மெய்தான். நியம்கிரியில் வன உரிமைச் சட்டமும் நயன்மன்றத் தீர்ப்பும் துணை நின்றன. அரிட்டாபட்டிக்கு அத்துணை இல்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் இல்லாதிருந்தால், 'மக்கள் மறுக்கவில்லை' என்று எழுத எந்த அலுவலரும் அஞ்சியிருக்கமாட்டார். சட்டமன்றத்தின் தீர்மானத்திற்குக் கால்கோள் செய்ததும் அப்பக்கமே.

இதில் மொழியின் பங்கு எத்துணையது? சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய 2006 ஆம் ஆண்டு அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பை வைத்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. ஆனால் வட்டார மொழியில் தரவேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கும், கழிவு எந்த ஓடையில் விழும் என்பனவெல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் கிடக்கும். கைப்பிடியளவு தமிழில் வரும். ஊரவைக்கு நிறைவெண் உண்டென்று மேலே கண்டோர், இக்கேட்பிற்கு நிறைவெண்ணே தேவையில்லை என்று அவ்வறிவிக்கை எழுதியிருப்பதையும் காண்க. பத்துப்பேர் வந்தாலும் 'கேட்டாயிற்று'!

அவ்வறிவிக்கையை மாற்றுதற்கு 2020 மார்ச்சில் வெளியிட்ட வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. நாடு முழுதும் உள்ள மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அதில் எழுதியிருந்தது. எந்த மொழியில் படித்துவிட்டு என்று எழுதவில்லை. சூன் 30 இல் தில்லி உயர்நயன்மன்றம் எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளிலும் அதனை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. நடுவண் அரசு செய்தது என்ன? மொழிபெயர்ப்பதை விட்டு, ஆணையை எதிர்த்து உச்சநயன்மன்றம் சென்றது. ஒரு வரைவை மொழிபெயர்க்கும் செலவைவிட வழக்காடும் செலவு குறைவு என்று எந்தக் கணக்கர் கண்டறிந்தாரோ!

அரிட்டாபட்டி மக்கள் வென்றதாக வெடி வெடித்து எட்டுத் திங்களும் நிறையவில்லை. 2025 செப்தம்பர் 8 இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை ஒன்று விடுத்தது. அணுக்கனிமங்களுக்கும், முதன்மையானவை என்று பட்டியலிட்ட கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை என்று அது விலக்கு அளித்தது. நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டியது. அதனைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழ்நாட்டு முதல்வர் தலைமையமைச்சர்க்கு மடல் எழுதினார். தங்குதன் அப்பட்டியலில் இருக்கிறது. அரைகுறையாய்க் கேட்ட ஒரு கேள்வியும் எடுக்கப்பட்டபின், அத்தகைய நிலங்களில் ஊரார் வாய்திறக்கச் சட்டத்தில் எஞ்சிய இடம் ஊரவை ஒன்றே.

ஆகவே அன்பர்கள் தத்தம் ஊரில் அடுத்த ஊரவை கூடும் நாளில் செய்ய வேண்டியவை எளியன. கூட்டப்பொருள் இன்னின்ன என்று முன்கூட்டியே தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் சேரியிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். கூட்டம் ஊரின் ஒருபக்கத்துக் கோயில் திண்ணையிலேயே ஒவ்வொரு முறையும் கூடாமல், எல்லாத் தெருவினரும் தயங்காது வந்து அமரும் இடத்தில் முறைமாற்றிக் கூட வேண்டும். வரவு செலவை மெல்லப் படிக்கச் செய்து, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். மறுத்தவர் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் புத்தகத்தில் ஏற்றச் செய்ய வேண்டும். புத்தகத்தில் வரிகளுக்கிடையே வெற்றிடம் விடாமல் எழுதி முடித்த பின்னரே, படிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும். கைந்நாட்டு வைக்கும் மூதாட்டிக்கு அதைப் படித்துக் காட்டும் வேலையை அவ்வூர்த் தமிழன்பர் எவரேனும் ஏற்றுக்கொள்வாராக. முன்னிரவில் எழுதி வந்த புத்தகமாய் இருந்தால், அதனை அங்கேயே, எல்லாரும் பார்க்க, விரித்துக் காட்டச் சொல்லலாம்.